அம்மா வாயில் வராத பெயர்

எங்கள் வீட்டில் பெயர் என்பது போகிற போக்கில் சொல்லிவிடுகிற சமாச்சாரம் இல்லை. அதனால் இதில் நான் யார் பெயரையும் எழுதப் போவதில்லை. அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தை, அப்புறம் நான். ஐந்தே பேர்தான். குழப்பம் வராது.

எனக்கு நாற்பத்தொரு வயது. கீரமங்கலம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடை என்றுதான் சொல்வார்களே தவிர, நாள் முழுக்க நான் செய்வது ஆன்லைனில் மனு போடுகிற வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் சேர்ப்பது. இந்தக் கடைசி வேலை இருக்கிறதே, அதுதான் என் பொறுமையைச் சோதிக்கும். எனக்கு ஏற்கெனவே மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊருக்கே தெரியும்.

இப்போதெல்லாம் பிள்ளைக்குப் பெயரை வைப்பதில்லை, தயாரிக்கிறார்கள். ஒரு 'ஷ்' வேண்டும், ஒரு 'வி' வேண்டும், கடைசியில் 'கா'வோ 'தா'வோ வந்தாக வேண்டும். போன மாதம் ஓர் இளைஞன் வந்தான். பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் எனக்கு ஒரு லட்டு கொடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். பெயரைச் சொல்லு என்றேன். பையிலிருந்து போனை எடுத்துத் தேடி, எழுத்துக் கூட்டி வாசித்தான். பெற்ற அப்பனே பார்த்துத்தான் படிக்கிறான்.

"இதுக்கு என்னப்பா அர்த்தம்?" என்றேன்.

"ஒளிமயமான தேவதைன்னு போட்டிருக்குக்கா."

"எந்த பாஷையில?"

"நெட்டுலக்கா" என்றான்.

லட்டு தின்ற வாயால் திட்ட வேண்டாம் என்று பேசாமல் தட்டெழுதிக் கொடுத்தேன். இப்படித் தினமும் ஒன்று இரண்டு வரும். சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போய் ஒப்பித்தால் அவள் பூக்கட்டிக்கொண்டே சிரிப்பாள். அம்மாவுக்கு அரை ஏக்கர் மல்லிகை இருக்கிறது. விடியற்காலையில் அவளே போய்ப் பறிப்பாள், மார்க்கெட்டுக்கு அனுப்புவாள், மீதியைக் கட்டுவாள். நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறேன் என்பதால் அம்மா வீட்டில் ஒரு காப்பி குடிக்காமல் என் நாள் முடிவதில்லை.

என் பெயர் என் அப்பத்தாவின் பெயர். எங்கள் பக்கத்தில் முதல் பெண் குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரைத்தான் வைப்பார்கள். யோசனைக்கே இடமில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே பெயர் தயாராக இருக்கும். கூடவே இன்னொரு வழக்கமும் உண்டு. மருமகள் தன் மாமியார் பெயரை, மாமனார் பெயரை, புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். என் அம்மாவுக்கு என் பெயரைச் சொல்ல வழியே இல்லாமல் போய்விட்டது. அதனால் நான் "பாப்பா" ஆனேன். நரைமுடிக்கு மருதாணி போடுகிற வயதிலும் பாப்பாதான்.

இதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. வீட்டில் எல்லோரும் அம்மாவைப் பார்த்துப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. அப்பத்தா எங்கே இங்கே வந்தது என்று திரும்பி வாசலைப் பார்த்தேன். வாத்தியார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், நானும் வளர்ந்த பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

தம்பி துபாயில் ஏசி மெக்கானிக். கல்யாணமாகி மூன்றாவது வருஷம் தம்பி மனைவி அறந்தாங்கியில் தன் அம்மா வீட்டில் பெண் குழந்தையைப் பெற்றாள். எங்கள் ஊரில் ஒரு வீடு விடாமல் அம்மா சர்க்கரை கொடுத்தாள். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ தம்பி வீடியோ காலில் வந்தான். முகமெல்லாம் பல்.

"அக்கா, பேரு ரெடி. ரெண்டு பேரும் போன்லயே உக்காந்து கண்டுபிடிச்சோம்" என்றான்.

தன் பெயரின் தலையையும் பெண்டாட்டி பெயரின் வாலையும் வெட்டி, நடுவில் எங்கிருந்தோ ஒரு 'ஷ்வி' கொண்டுவந்து ஒட்டி, ஒரு பெயரைச் சொன்னான். எனக்குப் புரியவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடி சொன்னான்.

பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "என்னடி, தும்முறானா? அங்க குளிரா இருக்காமா?" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பில் போன் கையிலிருந்து நழுவிவிட்டது. தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து நாளாக யோசித்தது, உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத பெயர், நம்பர் கணக்குக்கும் ஒத்துவருகிறது என்று என்னென்னவோ சொன்னான்.

"பேரு வைக்க எதுக்குடா யோசிக்கணும்? பேருதான் இங்கன குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கே" என்று அம்மா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவன் பேச்சை மாற்றி, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டான்.

அம்மா அதற்குமேல் அவனிடம் வாதாடவில்லை. வாதாட வேண்டிய அவசியம் இல்லை என்று நினைத்தாள். ஏனென்றால் பெயர் வைக்கிற அன்று வெற்றிலையால் காதை மறைத்துக் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்கிற உரிமை அத்தைக்குத்தான். அத்தை நான்.

"அவன் போன்ல ஆயிரம் தும்மட்டும். நீ காதுல என்ன சொல்றியோ அதான் பேரு. என் பேரைச் சொல்லிரு" என்றாள்.

"சொல்லாம?" என்றேன். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. தினமும் கடையில் 'ஷ்விகா'க்களோடு மாரடிக்கிறவள் நான். நம் வீட்டிலேயே ஒன்று முளைக்க விடுவேனா? இதெல்லாம் தம்பி மனைவியின் வேலைதான் என்றும் முடிவு கட்டிவிட்டேன். அவள் அறந்தாங்கியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்டைலான பெயர் வேண்டும் என்று கேட்டிருப்பாள், இவன் தலையாட்டியிருப்பான்.

குழந்தைக்கு ஒரு மாதம் முடிந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அறந்தாங்கிக்குப் போனேன். பூண்டு, கருவாடு, அம்மா கொடுத்த பூ எல்லாம் ஒரு கட்டைப்பையில். குழந்தை என் அம்மாவை உரித்து வைத்திருந்தது. அதே அகலமான நெற்றி, அதே முறைப்பு. தம்பி மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "அத்தை மாதிரியே கோவம் வருது அண்ணி" என்றாள். அவள் என் அம்மாவை அத்தை என்பாள், என்னை அண்ணி என்பாள்.

சரி, மெதுவாக ஆரம்பிப்போம் என்று எங்கள் வீட்டின் பழைய கதை ஒன்றை எடுத்துவிட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கும் கதை. சிரித்து முடித்த கையோடு பெயர்ப் பேச்சை எடுத்துவிடலாம் என்பது என் திட்டம்.

எனக்கு ஆறு வயதிருக்கும்போது எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவில் நான் காணாமல் போய்விட்டேன். இன்றைக்கு இல்லாத அப்பா, அன்றைக்குக் காவடிக் கூட்டத்தோடு எங்கேயோ வந்துகொண்டிருந்தார். அம்மா கைக்குழந்தையாக இருந்த தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடைக்கு ஓடினாள். மைக் பிடித்திருந்தவர் நல்ல மனிதர். பிள்ளை பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்.

"எங்க மாமியா பேருங்க" என்றிருக்கிறாள் அம்மா.

"சரிம்மா, மாமியா பேரு என்ன?"

"எம்பிள்ளை பேருங்க."

அவர் இரண்டு தடவை சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒரு பேப்பரைக் கொடுத்து எழுதச் சொல்லியிருக்கிறார். அம்மா மூன்றாவது வரைதான் படித்தவள். பதற்றத்தில் கை ஓடவில்லை. கடைசியில் அவர் மைக்கில் சொன்னது இதுதான்: "தன் அப்பத்தா பெயரை வைத்திருக்கும், பச்சைப் பாவாடை கட்டிய, ஆறு வயதுப் பெண் பிள்ளை எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்." கொஞ்ச நேரத்தில் மேடைக்கு நான்கு பெண் பிள்ளைகள் வந்து நின்றன. எல்லாமே அப்பத்தா பெயர் வைத்தவை. அதில் ஒன்று, மேடையில் மிட்டாய் கொடுக்கிறார்கள் என்று நினைத்து வந்தது.

நான் வரவில்லை. நான் அந்த மேடைக்குப் பின்னாலேயே பலூன்காரரிடம் நின்றுகொண்டிருந்தேன். மைக்கில் சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது. பாவம், யாரோ ஒரு பிள்ளை தொலைந்துவிட்டது என்று நானும் சுற்றிமுற்றிப் பார்த்தேன். என் பாவாடை நீலம். அம்மாவுக்குப் பதற்றத்தில் கலரும் மாறிவிட்டது. அப்புறம் அவள் கூட்டத்துக்குள் இறங்கி, "பாப்பா, பாப்பா" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள். திருவிழாவில் இருந்த அத்தனை பெண் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. அதில் ஒன்று நான்.

சொல்லி முடித்துவிட்டு நான் சிரித்தேன். தம்பி மனைவியின் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தார். தம்பி மனைவி சிரிக்கவில்லை. குழந்தையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவே பேரைச் சொல்லலையா அண்ணி? பிள்ளையக் காணாமப் போயுமா?" என்றாள்.

"எப்படிச் சொல்லுவாங்க? மாமியா பேராச்சே."

அவள் கண் நிறைந்துவிட்டது. பிறகு சொன்னாள்.

"எனக்கு ஸ்டைலுக்காக இல்ல அண்ணி. உங்க தம்பிக்குத்தான் அந்தப் பேரு பிடிச்சிருக்கு. எனக்கு அதுல வாயே ஒழுங்கா வரல. ஆனா அத்தை பேரை வச்சா நான் இவளை எப்படிக் கூப்புடுவேன்? ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு, ரூமுல யாரும் இல்லாதப்ப, கூப்பிட்டுப் பாத்தேன். அத்தை மூஞ்சிதான் வந்து நிக்குது. வாய் வரல. படிச்சவதான் நான், இருந்தும் வரல. தினம் நாப்பது பிள்ளைகளை அட்டென்டன்ஸ்ல பேரு சொல்லிக் கூப்புடுறேன் அண்ணி. ஊரான் பிள்ளை எல்லாத்தையும் பேரு சொல்லிக் கூப்பிட்டுட்டு, நான் பெத்ததை மட்டும் பாப்பான்னா கூப்புடணும்?"

என் வாயை அடைத்த ஆட்கள் ரொம்பக் குறைவு. குழந்தையின் காலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழக்கமாகத் தூங்கிவிடுவேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் திருவிழாக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒரு தடவைகூட அதில் அழ என்ன இருக்கிறது என்று தோன்றியதில்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக எண்ணிப் பார்த்தேன். வாத்தியார் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். சிநேகிதிகள் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் பெயரோடு அக்கா சேர்த்துச் சொல்கிறார்கள். என்னைப் பெற்றவள் சொன்னதில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து நாற்பத்தொரு வயதுப் பொம்பளை அழுதால் நன்றாக இருக்காது என்பதால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் விடிகாலையில் அம்மாவின் பூத்தோட்டத்துக்கே போய்விட்டேன். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு கடை திறக்கும்வரை காத்திருக்க என்னால் ஆகாது. அம்மா இடுப்பில் மடி கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்து வரிசையில் நின்று பறித்தேன்.

"அம்மா, அவ ஏன் வேற பேரு கேக்குறான்னு தெரியுமா?"

"ஏன், எம்பேரு பட்டிக்காட்டுப் பேரா இருக்காக்கும்."

"அது இல்ல. ஒம்பேரைச் சொல்லிப் பிள்ளையக் கூப்புட அவளுக்கு வாய் வரலையாம்."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே. மாமியா பேரைச் சொல்ல வாய் வரலைன்னா நல்ல வளப்புதான். நான்கூட என்னவோன்னு நெனச்சேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்ப அவ பிள்ளைய என்னன்னு கூப்புடுவா?"

"பாப்பான்னு கூப்புடட்டும். நான் கூப்புடல?"

"கூப்புட்ட. நாப்பத்தோரு வருசமா கூப்புட்ட. என் பேரை ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒன் வாயால நான் கேட்டதில்லம்மா."

அம்மா கையில் மொட்டோடு நின்றாள். "பேரு சொல்லலைன்னா பாசம் இல்லாமப் போச்சா? ஒன்னைய ஒரு நாள் கை நீட்டி அடிச்சிருக்கேனா? அவங்க பேரு வச்ச பிள்ளை, அவங்களையே அடிச்ச மாதிரின்னு, ஒன் பங்கையும் சேத்துல்ல தம்பி வாங்குனான்!"

"அடிச்சிருந்தாலும் பரவாயில்ல. பேரைச் சொல்லி அடிச்சிருக்கலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் குரல் உடைந்திருப்பது எனக்கே தெரிந்தது. அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு குனிந்து பறிக்க ஆரம்பித்தாள். செடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் இத்தன வருசம் எதுக்குடி வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்? எனக்கும் ஒரு நாள் வரும்னுதான. எம்பேரைச் சொல்ல ஒரு பிள்ளை வரும்னுதான. வந்த அன்னைக்கு நீயே வந்து வேணாங்குற."

அவள் சொன்னதிலும் பிழையில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருந்தது. இரண்டு பேரில் ஒருவராவது அநியாயக்காரியாக இருந்திருந்தால் நான் இன்னொருத்தி பக்கம் நின்று சண்டை போட்டிருப்பேன். இங்கே இரண்டு பேரும் நியாயஸ்தர்கள். அம்மா பெயரைச் சொன்னால் ஒரு தாய் தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. தம்பி கண்டுபிடித்த பெயரைச் சொன்னால் அம்மா ஒரு ஆயுள் முழுக்கக் காத்திருந்தது வீண். காதில் சொல்ல வேண்டியவள் நான்.

அதற்கப்புறம் அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபத்திலும் பூ மட்டும் தினமும் ஒரு முழம் வந்துவிடும். தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். "நீங்க என்ன சொன்னாலும் சரிங்கண்ணி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மூன்றாம் மாதம் குழந்தையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து பெயர் வைப்பதாக ஏற்பாடு. தம்பி லீவில் வந்து சேர்ந்தான். அன்று காலையில் வீடு நிறைய ஆட்கள். சாம்பார் கொதிக்கிறது, பாயசத்துக்கு முந்திரி போதவில்லை என்று ஒருவர் கத்துகிறார். நான் வெள்ளிக் கொலுசும் புதுத்துணியும் தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே தம்பி என்னை ஓரமாக இழுத்து ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தான். பிரித்துப் பார்த்தேன். கொட்டை எழுத்தில் அவன் கண்டுபிடித்த பெயரை எழுதியிருந்தான்.

"மறந்துருவன்னுதான்க்கா" என்றான்.

தம்பி மனைவி மணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் குழந்தை. நான் எதிரில் உட்கார்ந்து கொலுசைப் போட்டுவிட்டேன். வெற்றிலையைக் கையில் எடுத்தேன். எதைச் சொல்லப் போகிறேன் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது. குனிந்தேன்.

"இரு பாப்பா" என்றாள் அம்மா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில், மருமகளுக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ மொதல்ல சொல்லு" என்றாள் மருமகளிடம்.

"என்ன அத்தை?"

"எம்பேரைச் சொல்லு."

முந்திரி கேட்டவர்கூட வந்து எட்டிப் பார்த்தார். தம்பி மனைவி மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "வேணாம் அத்தை" என்றாள்.

"எங்கிட்டயே சொல்லலைன்னா பிள்ளைகிட்ட எப்படிச் சொல்லுவ? சொல்லு. நான்தான் கேக்குறேன்ல."

அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"எனக்கே கேக்கல. பள்ளிக்கூடத்துல இப்படித்தான் அட்டென்டன்ஸ் எடுப்பியா?"

யாரோ சிரித்தார்கள். இரண்டாவது தடவை பெயர் கேட்டது, பாதிக் குரலில். அம்மா திருப்தியில்லாமல் தலையை ஆட்டினாள். மூன்றாவது தடவை மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் கூப்பிடுகிற குரலில் என் அம்மாவின் பெயரைச் சொன்னாள். வாசல்வரை கேட்டிருக்கும்.

அம்மா கையைத் தூக்கினாள். "உள்ளேன் டீச்சர்!"

வீடே அதிர்ந்தது. பந்தல்காரர்கூடச் சிரித்தார். குழந்தை பயந்துபோய் அழ ஆரம்பித்தது. தம்பி மனைவி அழுகையும் சிரிப்புமாகப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினாள். சிரிப்பு அடங்குகிறவரை காத்திருந்து அம்மா பேசினாள்.

"நாலு பேருக்கு முன்னால உத்தரவு குடுத்துட்டேன். எம்பேரைச் சொல்லிக் கூப்புடு, அதட்டு, ரெண்டு போடு. நான் கோவிச்சுக்க மாட்டேன். இதுக்கு மேலயும் அந்தத் தும்மல் பேருதான் ஒனக்கு வேணும்னா, பாப்பா அதையே காதுல சொல்லட்டும். நீ பெத்த பிள்ளை. நீ கூப்புடணும்."

தம்பி வாயைத் திறந்தான். பெண்டாட்டி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அத்தை பேரையே சொல்லுங்க அண்ணி."

சொன்னேன். வெற்றிலையால் காதை மறைத்து, மூன்று தடவை. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதே முறைப்போடு என்னைப் பார்த்தது. மறுநாள் கடைக்குப் போய் முதல் வேலையாகப் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க மனு போட்டேன். தம்பி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வீட்டுப் பசு கன்று போட்டபோது தான் கண்டுபிடித்த பெயரை அதற்கு வைத்துவிட்டான். பால்காரர் பாவம், இன்றைக்கும் அதைத் திணறித் திணறித்தான் கூப்பிடுகிறார்.

பெயர் வைத்த அன்று பந்தி முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, நானும் அம்மாவும் கொல்லைப்பக்கம் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது. குழந்தை கொலுசுக் காலால் உதைத்திருக்கும் போலிருக்கிறது. பெயரைச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அதட்டலுக்கும் அம்மா தனக்குள் சிரித்தாள்.

"என்னம்மா, மருமக திட்டு எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் ஒரு அண்டாவையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அவளுக்கு உத்தரவு குடுக்க நான் இருந்தேன். எனக்குக் குடுக்க ஆள் இல்லையேடி. எம் மாமியா போய்ச் சேந்து முப்பது வருசம் ஆயிருச்சு. அன்னைக்குத் தோட்டத்துல நீ கேட்டதுல இருந்து இதையேதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"விடும்மா" என்றேன்.

அவள் விடவில்லை. அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஏதோ மனு கொடுக்க வந்தவள் போலத் தயங்கினாள்.

"அவங்க பேரு ஒனக்குத்தான் இருக்கு. நீ சொன்னா அவங்க சொன்னதாத்தான் கணக்கு. சொல்றியா?"

எனக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் என்னிடம் தந்ததில்லை. கையில் இருந்த சாம்பலைக் கழுவினேன். புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"சொல்லும்மா. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். மாமியார் முன்னால் நிற்கிறபோது அப்படித்தான் நிற்பாள் போலிருக்கிறது. தொண்டையைச் செருமினாள். முதல் எழுத்தில் ஒரு தடவை தடுக்கி நின்றாள். பிறகு என் பெயரை முழுதாகச் சொன்னாள்.

தினமும் கடை ரசீதுகளில் கையெழுத்தாகப் போடுகிற பெயர்தான். ஆனால் அது என்னுடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் முட்டிக்கொண்டு வந்ததை நான் மறைக்கவில்லை. குழாய் திறந்தபடியே கிடந்தது.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்புட்டேன்" என்றாள்.